நாலு விரல் நீளம்

மாலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் ஷூ கம்பெனியின் பெரிய கேட்டு திறக்கும். ஆட்களுக்கு முன்னால் வாசனை வெளியே வரும். பசை, புதுத்தோல், நாள் முழுக்க ஓடிய தையல் மிஷின்களின் எண்ணெய். அதன் பின்னால் பெண்கள் வருவார்கள். ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிற வேன்கள் வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருக்கும். வேன்களுக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு புங்கமரம். அதனடியில் தேவகி ஈரச் சாக்கை விரித்து, பொன்னாங்கண்ணிக் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இன்னாடி தேவகி, இன்னிக்கிக் கட்டு இளைச்சிப் போச்சி?"

முதல் ஆளாக வருவது எப்போதும் நசீமுன்னிசாதான். ஃபினிஷிங் செக்‌ஷனில் சூப்பர்வைசர். தேவகியைவிடப் பத்து வயது மூத்தவள். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் ஆப்பா, அதாவது அக்கா.

"கட்டு இளைக்கல ஆப்பா. உங்க கைதான் பெருத்துப் போச்சி."

"வாய் மட்டும் ஜாஸ்தி உனக்கு. ரெண்டு கட்டு எடு. இது ஷாப்புத் தண்ணி இல்லையே?"

தினமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் கீரை வாங்கியதில்லை. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு எட்டிய நிலத்துக் கீரையை அந்தப் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள்.

"மலைத் தண்ணி ஆப்பா. எங்க பூங்கன்பட்டு ஏரிக்கு மேல ஒரு ஷாப்பும் கிடையாது. பாறையும் கரடியும்தான்."

"கரடி உன்ன நாஷ்டா பண்ணாம உட்டு வச்சிருக்குதே, அதுவே பெரிசு."

பதினோரு வருடம் இதே கம்பெனியில் தேவகி ஷூவுக்கு மேல்தோல் தைத்தாள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு நின்றுவிட்டாள். நின்ற முதல் மாதம், கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தால் அவை தானாகவே ஒரு தையல் மிஷினைத் தேடின. அந்தச் சமயத்தில்தான் பாலாற்றில் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபின் ஆற்றோரம் பச்சைப் பசேலென்று ஒரு கீரைப் படுகை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தாள். பொன்னாங்கண்ணி! இரண்டு கை நிறையப் பிடுங்கிவந்து ஏரியின் மதகுக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில், மாமனார் விட்டுப்போன துண்டு நிலத்தில் நட்டாள்.

அது பிடித்துக்கொண்டது. பிடித்தது மட்டுமல்ல, ஓடியது. அறுக்க அறுக்க வந்தது. ஒரே வருடத்தில் எட்டுப் பாத்தி ஆயிற்று. கேட்டுக்கு வெளியே கீரை வாங்கிய பெண்கள், "ஒரு கொம்பு குடேன், தொட்டியில வைக்கறேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு, "நீயே வந்து நட்டுட்டுப் போயேன். எங்க கைல எதுவும் தழைக்க மாட்டேங்குது" என்று கூப்பிட்டார்கள். பத்தொன்பது வீடுகளுக்குப் போய் நட்டுவிட்டு வந்தாள். பத்தொன்பது வீட்டிலும் தொட்டி நிறைந்து வழிந்தது. கறிவேப்பிலைக் கன்று வைப்பதற்கும், முருங்கைக் கொம்பு ஊன்றுவதற்கும் அவளைத் தேடி வந்தார்கள்.

தேவகி கைராசி என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேரை அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் இரவு சாப்பிட்ட கையைக் கழுவும்போது, உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

*

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஷா வந்தாள். நெமிலிப் பெண். வேலூரில் ஆராய்ச்சி படிக்கிறவள். ஏரிகளில் என்னென்ன வெளிநாட்டுச் செடிகள் புகுந்திருக்கின்றன, எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று கணக்கெடுப்பது அவள் வேலை. வெள்ளை பைப்பில் செய்த ஒரு மீட்டர் சதுரம் ஒன்றும், கயிறும், போனும், ஆற்காட்டில் இறங்கி வாங்கிய மக்கன் பேடா இனிப்பு டப்பா ஒன்றும் கொண்டுவந்திருந்தாள்.

ஏரியில் மீன் பிடிக்கிறவர்களின் தெர்மாகோல் தெப்பத்தை ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் தேவகியின் புருஷன் அந்தோணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். அவன் அதே ஷூ கம்பெனியில் கட்டர். இருபத்திரண்டு வருடமாகத் தோல் வெட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை வெட்டுவதற்கு எதுவும் இல்லாமல் சலித்துப் போயிருந்தான்.

"இந்தச் சதுரத்தைத் தண்ணி மேல வைப்போம் அண்ணா. உள்ள எவ்ளோ செடி மூடியிருக்குன்னு நூத்துக்குக் கணக்கு எழுதணும். அம்பது அடிக்கு ஒரு தடவை."

"வச்சி?"

"போட்டோ எடுத்து, கட்டம் போட்டு எண்ணணும்."

அந்தோணி சதுரத்துக்குள் மிதந்த வெங்காயத்தாமரையை ஒரு நொடி பார்த்தான். ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, ஓட்டையும் தழும்பும் போக எத்தனை ஜோடி தேறும் என்று பார்க்கிற பார்வை.

"அறுவத்திரண்டு."

நிஷா சிரித்துவிட்டு போட்டோ எடுத்து, கட்டம் போட்டு எண்ணினாள். அறுபத்து நான்கு வந்தது.

"ரெண்டு கம்மி சொல்லிட்டேன்" என்று அந்தோணி வருத்தப்பட்டான். "அந்த ஓரத்து எலைய வேஸ்டேஜ்ல தள்ளிட்டேன்."

அன்று முப்பத்தொரு சதுரம் வைத்தார்கள். இருபதுக்கு மேல் நிஷா எண்ணுவதை நிறுத்திவிட்டு அவன் சொன்னதை அப்படியே எழுதினாள். வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணாடிச் சில்லாகத் தெறித்தது. கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு ஊதாப் பூக்களோடு ஒரு கல்யாண ஊர்வலம் மாதிரி நின்றது. நாரைகள் தெப்பத்தைப் பார்த்து நகராமல், யோசித்துக்கொண்டிருந்தன.

மத்தியானம் தேவகி கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள். தொட்டுக்கொள்ளப் பொன்னாங்கண்ணிக் கடைசல், பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்தது. நிஷா களியை உருட்டத் தெரியாமல் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள்.

"நெமிலியில களி துன்ன மாட்டீங்களா?"

"எங்க ஊர்ல நெல்லு வெளையும்க்கா. சோறுதான்."

"அதான் எலும்பு தெரியுது. இன்னும் ஒரு உருண்டை போட்டுக்க."

சாப்பிட்டு முடித்து, மறுநாள் கட்டுக்காகத் தேவகி கீரையைத் தட்டிக் கட்ட உட்கார்ந்தபோது நிஷாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டே ஒரு தண்டைக் கிள்ளினாள். கிள்ளிய இடத்தைப் பார்த்தாள். பேச்சு நின்றது. தண்டை வாயில் வைத்து ஊதினாள். மறுமுனையில் காற்று வந்தது.

"இன்னா பாப்பா, நாதஸ்வரமா?"

நிஷா இன்னொரு தண்டை எடுத்தாள். இலைக் கணுவிலிருந்து ஓர் அங்குலக் காம்பு நீண்டு, அதன் நுனியில் வெள்ளையாக ஒரு பூ உருண்டையாக உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இது எங்கேர்ந்து கொண்டாந்தீங்க?"

தேவகி வெள்ளக் கதையைச் சொன்னாள். நிஷா கேட்டு முடித்துவிட்டு, தண்டைக் கீழே வைக்காமலேயே, மெதுவாகச் சொன்னாள்.

"கோச்சிக்காதீங்க. இது பொன்னாங்கண்ணி இல்லன்னு நெனைக்கறேன். பொன்னாங்கண்ணித் தண்டு கெட்டியா இருக்கும். பூ காம்பு இல்லாம கணுவுலயே ஒட்டிக்கினு இருக்கும். இது அதுக்குச் சொந்தக்காரச் செடி. தென் அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்தது. முதலைக்களைன்னு வச்சிக்கலாம். தண்ணியில எறங்கிடிச்சின்னா ஏரியையே மூடிடும். வெங்காயத்தாமரையாவது மெதக்கும், வாரிடலாம். இது தரையிலயும் வளரும், தண்ணியிலயும் வளரும்."

"மூணு வருஷமா ஊரே துன்னுது!"

"துன்னா ஒண்ணும் ஆவாதுக்கா. ஏரிக்குத்தான் ஆவாது. அடுத்த ஞாயித்துக்கிழமை வேற ஏரியில வேலை. அதுக்கடுத்த ஞாயிறு வந்து இங்க சதுரம் வச்சிப் பாத்துடறேன். சரியாத் தெரிஞ்ச பெறகுதான் எழுதுவேன்."

தேவகி கட்டைக் கட்டினாள். வாழைநார் இரண்டு முறை அறுந்தது.

*

மறுநாள் ஆம்பூர் மார்க்கெட்டுக்குப் போய் வேறொருத்தியிடம் ஒரு கட்டுப் பொன்னாங்கண்ணி வாங்கிவந்தாள். கீரை விற்கிறவள் கீரை வாங்கியதை அந்தக் கடைக்காரி விசித்திரமாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தண்டைக் கிள்ளி ஊதினாள். கன்னம் உப்பியது, காற்று போகவில்லை. பூ கணுவோடு ஒட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையின் கைமுட்டி மாதிரி இருந்தது.

பிறகு தன் பாத்தியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி ஊதினாள். புஸ்ஸென்று காற்று போயிற்று.

"அப்ப கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்று அந்தோணியிடம் சொன்னாள். "எவன் நட்டாலும் வளரும் இது. கல்லு நட்டாலும் வளரும்."

"அட, செடி எதா இருந்தா இன்னா? நீ நட்டது நல்லாத்தான வந்தது."

"களையை வளத்ததுக்கு மெடல் குடுப்பாங்களா? ஊர்ல பத்தொம்போது வீட்ல நட்டுட்டு வந்திருக்கறேன். ஆப்பா வீட்டு மாடியில மட்டும் ஆறு தொட்டி. அந்தப் பொண்ணு வந்து எழுதிச்சின்னா, கேட்ல எந்த மூஞ்சிய வச்சிக்கினு உக்கார்றது?"

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"அவ வர்றதுக்குள்ள நெலம் காலியா இருக்கணும். மாடு மேஞ்சிட்டதுன்னு சொல்லிக்கலாம்."

வியாழக்கிழமை ஆர்டர் கம்மி என்று கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனுக்கு லீவு விட்டார்கள். காலை ஏழு மணிக்கே அந்தோணி தன் கத்தியைத் தீட்டினான். தேவகி வேரோடு பிடுங்கிப் போடப்போட, அவன் ஒரு பழைய மரப்பலகையை மண்ணில் போட்டு, கட்டுக் கட்டாக வைத்து வெட்டினான். நீளமாகப் போட்டால் எங்காவது சிக்கிக்கொண்டு யார் கண்ணிலாவது படும். சிறுசு சிறுசாகப் போட்டால் வாய்க்கால் இழுத்துக்கொண்டு போய்விடும், சீக்கிரம் அழுகியும் விடும். அது அவன் யோசனை. நல்ல யோசனை என்றுதான் இரண்டு பேருக்கும் தோன்றியது.

அவனால் எதையும் கோணலாக வெட்ட முடியாது. ஒவ்வொரு துண்டும் நாலு விரல் நீளம். ஒரு துண்டு நீண்டால் அதை எடுத்துத் திருத்தி வெட்டினான்.

"ஏங்க, களைக்கு எதுக்கு அளவு?"

"கை பழகிடிச்சி. மனசு ஒப்பல."

கூடை கூடையாக வாய்க்காலில் கொட்டினார்கள். பச்சைத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி, குதித்துக்கொண்டு போயின. சாயங்காலம் மலைக்குப் பின்னாலிருந்து மழை வந்தது. பாத்தி எட்டும் மொட்டையாக நனைந்துகொண்டிருந்தது. தேவகி ஜன்னலில் நின்று, இந்த மழை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாள்.

அடுத்த பத்து நாளும் அவள் கேட்டுக்குப் போகவில்லை. கழுத்து வலி என்று சொல்லி அனுப்பினாள்.

*

நிஷா சொன்னபடி வந்தாள். பாத்தியைப் பார்த்தாள். தேவகியைப் பார்த்தாள்.

"மாடு மேஞ்சிட்டது பாப்பா" என்றாள் தேவகி, செருப்பைப் பார்த்தபடி.

நிஷா வாய்க்கால் ஓரமாக நடந்தாள். சதுரத்தைத் தோளில் மாட்டியிருந்தாள். இருபதடி போனதும் குனிந்து எதையோ எடுத்தாள். இன்னும் கொஞ்சம் போய் இன்னொன்று. திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தாள். ஐந்து துண்டுகள். ஐந்தும் ஒரே அளவு. ஒவ்வொன்றின் நடுக்கணுவிலும் வெள்ளை நூல் மாதிரி வேர்கள் இறங்கியிருந்தன. பக்கவாட்டில் இரண்டிரண்டு புது இலைகள், காது மாதிரி விடைத்துக்கொண்டு நின்றன.

"மாடு ஸ்கேல் வச்சி மேயுமாக்கா?"

அந்தோணி தொண்டையைக் கனைத்தான். தேவகிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்து கண்ணில் நீராக நின்றது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத வெட்டவே கூடாதுண்ணா" என்று நிஷா அந்தோணியிடம் சொன்னாள். கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. வெட்டுனா வெட்டுன அத்தனையும் பொழைச்சிக்கும். எத்தனை துண்டு இருக்கும்?"

அந்தோணி கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். இப்படி ஒரு கணக்கை அவன் வாழ்க்கையில் போட்டதில்லை.

"பாத்திக்கு ஆயிரம் வச்சிக்க. எட்டாயிரம்."

"எட்டாயிரமா!"

"வேஸ்டேஜே இல்லாம வெட்டிட்டேன்மா" என்றான், அழுகிற குரலில்.

வாய்க்கால் ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடிக் கீழேரியில் விழுகிறது. கீழேரியை நம்பி நானூறு ஏக்கர் நெல் இருக்கிறது. நிஷா வாய்க்கால் முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தாள். துண்டுகள் ஓரப் புல்லிலும் கல்லிடுக்கிலும் ஒதுங்கி வேர்விட்டிருந்தன. கீழேரிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சிறுபாலத்துக்கு அப்பால் இரண்டு மூன்றுதான் கண்ணில் பட்டன.

"அந்தப் பாலத்துல வலை கட்டிட்டு, வேரோட கையால பொறுக்கிட்டா முடிஞ்சிடும். அடுத்த பெரிய மழைக்குள்ள பண்ணணும். மழை வந்துட்டா கீழேரி அவ்ளோதான்."

"எத்தனை பேர் வேணும்?"

"நாப்பது பேர் இருந்தா ஒரே நாள். இந்தச் செடிய நல்லாத் தெரிஞ்சவங்களா இருக்கணும். புல்லுக்குள்ள பாத்தா அடையாளம் கண்டுபிடிக்கணும். அது மாதிரி ஆளுங்க எங்க கெடைப்பாங்கன்னுதான் தெரியல."

தேவகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் செடியை இந்த ஜில்லாவிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூன்று வருடமாக அதை ஆய்ந்தவர்கள். இருட்டில் தொட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

"நாளைக்கி அஞ்சரைக்கு நான் கேட்டுக்குப் போறேன்" என்றாள்.

*

காலிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். நசீமுன்னிசா தூரத்திலிருந்தே கத்தினாள்.

"கழுத்து வலி போச்சாடி? எங்க கீரை? மனுஷங்க வயிறு பத்து நாளா பேஜாராயிடிச்சி!"

"கீரை இல்ல ஆப்பா. ஒரு விஷயம் சொல்லணும். எல்லாரும் நில்லுங்க."

பெண்கள் நின்றார்கள். வேன் டிரைவர் ஒருவன் ஹாரன் அடித்தான். நசீமுன்னிசா திரும்பி முறைத்ததும் என்ஜினையே நிறுத்திவிட்டான்.

தேவகி எழுந்து நின்று சொன்னாள். வெள்ளத்தில் வந்ததை, ஊதினால் காற்று வருவதை, பூவின் காம்பை, முதலைக்களை என்ற பேரை. வெட்டிக் கொட்டியதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது.

"மாடு மேஞ்சிட்டதுன்னு பொய்யும் சொன்னேன்."

"கட்டிங் அந்தோணியா வெட்டுனது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "அப்ப பீஸெல்லாம் கரெக்டா இருந்திருக்குமே."

"நாலு விரல்."

குபீரென்று சிரிப்பு கிளம்பியது. தேவகி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் உங்க வீட்ல எல்லாம் நட்டு வச்சது கீரை இல்ல. அது தானா வளர்ற களை. என் கையில ஒரு ராசியும் இல்ல. அந்தப் பேர நீங்க வாபஸ் வாங்கிக்கங்க. ஆனா ஞாயித்துக்கிழமை ஒரு நாளு எனக்காக வாய்க்காலுக்கு வாங்க. தொட்டியில இருக்கறதையும் வேரோட கொண்டாந்துடுங்க."

நசீமுன்னிசா இடுப்பில் கை வைத்தாள்.

"மூணு வருஷம் எனக்குக் களையத் துன்னக் குடுத்திருக்கற."

"ஆமா ஆப்பா."

"அத நான் கடைஞ்சி போட்டதுக்கு எங்க ஊட்டுக்காரரு ஹபீப் சாயபு, இது மாதிரி கீரை ஜென்மத்துல துன்னதில்லன்னு சொல்லியிருக்காரு."

"ஆமா."

"அந்த மனுஷன் நாக்கு லட்சணம் எனக்கு இப்பத்தான் தெரியுது. நான் சமைக்கற பிரியாணியில உப்பு கம்மின்றாரு!" கூட்டம் மறுபடி சிரித்தது. "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கிடி?"

*

நாற்பது பேர் கேட்டதற்கு ஐம்பத்தாறு பேர் வந்தார்கள். இரண்டு வேன்கள் இலவசமாக ஓடின. தொட்டிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் இறங்கியதைப் பார்த்தால், ஏதோ ஒரு தேசத்து ராணிக்குச் சீர்வரிசை வந்தது மாதிரி இருந்தது.

நிஷா ஒரு கல்லின்மேல் ஏறி நின்று சொன்னாள். கத்தி கூடாது. கிள்ளக் கூடாது. கணுவுக்குக் கீழே இரண்டு விரலை விட்டு மண்ணைத் தளர்த்தி, வேரோடு முழுசாக எடுக்கணும். ஒரு நூல் வேர் அறுந்து உள்ளே நின்றாலும் திரும்ப வரும். எடுத்ததைச் சாக்கில் போடணும், தரையில் வைக்கக் கூடாது.

"அந்தோணியண்ணன் கையில கத்தி இருக்குதான்னு மொதல்ல செக் பண்ணுங்க" என்றது ஒரு குரல்.

அந்தோணி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அவனைப் பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீரில், கட்டிய வலைக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்கள். வலையில் வந்து மாட்டுகிறதை எடுத்து எண்ணிச் சாக்கில் போடுவது அவன் வேலை.

வாய்க்காலை இருபது இருபது அடியாகப் பிரித்துக்கொண்டார்கள். லைன் போட்டு வேலை செய்து பழகிய பெண்கள். யாரும் சொல்லாமலேயே ஒருத்தி பொறுக்கினாள், அடுத்தவள் அதே இடத்தைத் தடவிச் சரிபார்த்தாள், மூன்றாமவள் சாக்கைப் பிடித்தாள். கம்பெனியில் தையல் சரியில்லாத ஜோடியைத் திருப்பி அனுப்புவதுபோல, "இங்க ரிஜக்ட் ஒண்ணு விட்டிருக்கற பாரு" என்று நசீமுன்னிசா பின்னாலேயே வந்தாள். வெயில் ஏற ஏறப் புடவைகள் முழங்காலுக்கு ஏறின. ஒருத்தி கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தாள். தூக்கப் போனவளும் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அந்த இடத்தில் வேலை நடக்கவில்லை.

தேவகி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் மண்ணுக்குள் போய், தண்டின் அடியைத் தேடி, அங்கேயே ஒரு கணம் நிற்கும். பிறகு மெதுவாக வெளியே வரும். வேர் அறுபடாமல் கூடவே வரும். சன்னமான தோலில் நூலைச் சுருக்கம் விழாமல் இழுத்துப் பழகிய பதினோரு வருடம் அந்த விரல்களில் இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. பின்னால் சரிபார்த்துக்கொண்டு வந்த நசீமுன்னிசாவுக்குத் தெரிந்தது. தேவகி போன தடத்தில் அவளுக்கு ஒரு ரிஜக்டும் கிடைக்கவில்லை. அப்போது அவள் அதைச் சொல்லவில்லை.

மத்தியானம் ஹபீப் சாயபு டிவிஎஸ் வண்டியில் பெரிய டேக்சாப் பாத்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். குஸ்காவும் கத்திரிக்காய்த் தொக்கும். மரத்தடியில் வாழையிலை போட்டு உட்கார்ந்தார்கள். அவரிடம் ஐம்பத்தாறு பேரும் ஒருவர் பின் ஒருவராக, "கீரை எப்படி இருந்திச்சி பாய்?" என்று விசாரித்தார்கள். அவர், "இப்பவும் சொல்றேன், அது டேஸ்ட்தான்" என்று ஒரே பதிலைப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலையில் பாலத்தடியிலிருந்து ஏறிவந்த அந்தோணியின் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. சாக்குகளையும் கணக்கில் சேர்த்துச் சொன்னான்.

"ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் இருக்கும். நெருங்கிட்டோம்."

சாக்குகளைப் பாறைமேல் கொட்டி ஒரு வாரம் காயவைத்தார்கள். கருகித் தூளாகிப் போனதைப் பள்ளம் வெட்டி எரித்தார்கள். பெரிய மழை தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது.

*

ஜனவரியில், மலை பாதிவரை பனியில் மூழ்கியிருந்த ஒரு காலையில், நிஷா மறுபடி சதுரத்தோடு வந்தாள். அதற்கு முன்னால் மூன்று முறை வந்து பார்த்து, முளைத்திருந்த பத்திருபதை எடுத்திருந்தார்கள். இன்றைக்குக் கீழேரியிலிருந்து ஆரம்பித்து வாய்க்கால் நெடுக வைத்துக்கொண்டே வந்தாள். லீவு நாள் என்பதால் நசீமுன்னிசாவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மேற்பார்வைக்கு என்று கூடவே வந்தாள்.

"பூஜ்யம்" என்று அந்தோணி சொல்வான். நிஷா எழுதுவாள். சதுரம் அடுத்த இடத்துக்குப் போகும். "பூஜ்யம்." இப்படி ஒரு நம்பரை இவ்வளவு சந்தோஷமாக அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கடைசிச் சதுரம் தேவகியின் நிலத்தில். எட்டுப் பாத்தியில் ஒன்றில் மட்டும் இப்போது உண்மைப் பொன்னாங்கண்ணி. மார்க்கெட் கட்டிலிருந்து கொம்பு ஒடித்து நட்டது. மூன்று மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தது. வாரத்துக்குப் பத்துக் கட்டுகூடத் தேறுவதில்லை.

"இன்னாடி இது, சீக்குக் கோழி மாதிரி உக்காந்துக்கினு கீது" என்றாள் நசீமுன்னிசா.

"நல்ல ஜாதி மெதுவாத்தான் வளரும் ஆப்பா."

"அப்ப நான் நல்ல ஜாதி இல்ல. பத்து வருஷத்துல முப்பது கிலோ ஏறிட்டேன்."

நிஷா சதுரத்தைப் பாத்தியின் மேல் வைத்தாள். அந்தோணி குனிந்து பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். பொன்னாங்கண்ணிக்கு நடுவில், அதே பச்சையில், அதே இலையில், ஒரு தண்டு மட்டும் கொஞ்சம் உயரமாக நின்றது. நுனியில் ஒரு காம்பு. காம்பின்மேல் வெள்ளை மொட்டு.

"அது..." என்று நிஷா ஆரம்பிப்பதற்குள் தேவகி மண்டியிட்டிருந்தாள்.

பனி ஈரத்தில் மண் இறுகியிருந்தது. தேவகி அவசரப்படவில்லை. இரண்டு விரலை உள்ளே விட்டு, பக்கத்துப் பொன்னாங்கண்ணியின் வேரை ஒதுக்கி, களையின் அடியைத் தொட்டாள். அசைத்தாள். நின்றாள். இன்னும் ஒரு விரல் ஆழம் போனாள். வெள்ளை வேர் மண்ணிலிருந்து வர ஆரம்பித்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண், ஒன்றரைச் சாண், முழங்கை அளவு. கடைசி நுனி, தலைமுடி மாதிரி மெலிந்த நுனி, துளி மண்ணோடு வெளியே வந்து காற்றில் ஆடியது. எங்கும் அறுபடவில்லை.

"முழுசா வந்துடிச்சி" என்றாள் தேவகி.

நசீமுன்னிசா சால்வையை விலக்கிக்கொண்டு குனிந்து, வேரின் நுனியைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். ஏற்றுமதிக்குப் போகிற ஜோடியைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க மாடித் தொட்டியில ஒண்ணு போவ மாட்டேங்குதுடி. நானும் நாலு தடவ புடுங்கிட்டேன், அறுந்து அறுந்து திரும்ப வருது. என் கைக்கு ஒத்து வரல. சாயங்காலம் நீ வந்து எடுத்துட்டுப் போ."

தேவகி நிமிர்ந்து பார்த்தாள்.

"வரும்போது இந்தச் சீக்குக் கோழியிலயும் ஒரு கொம்பு கொண்டா" என்றாள் நசீமுன்னிசா. "நீயே நட்டுடு."

அந்தோணி சாக்கைப் பிரித்துப் பிடித்தான். தேவகி அந்த வேரை மடக்காமல், ஒடிக்காமல், பாம்பைப் பெட்டியில் விடுகிறவள் மாதிரி உள்ளே இறக்கினாள்.

"எட்டாயிரம்" என்றான் அந்தோணி, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டியபடி.